ஆயுத பூஜைக்குத் துடைத்த லேப்டாப் ஏன் எழவில்லை? அம்மாப்பேட்டைத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்ட தம்பி சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறார். வீட்டின் முன்பகுதியில் விசைத்தறி ஓடுகிறது. ஆயுத பூஜைக்குத் தறிகளைத் துடைத்தபோது அக்காவின் லேப்டாப்பையும் துடைத்திருக்கிறார். ஷட் டவுன் செய்து, அடிமூடியைக் கழற்றி, தறிக்கூடத்தில் பஞ்சு ஊத வைத்திருக்கும் ஏர் கம்ப்ரஸரால் உள்ளே ஊதி, ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுத்து, திரைமேல் கண்ணாடி துடைக்கும் திரவத்தை அடித்துத் துடைத்து மூடியிருக்கிறார். ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது. பொட்டு வைத்துக் கும்பிட்ட பிறகு போட்டுப் பார்த்தால் லைட் எரிந்தது, ஃபேன் கரகரவென்று ஓடியது, திரை மட்டும் கறுப்பு. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை எதுவுமே இல்லை. இரண்டு நாளாக அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. உள்ளே அக்காவின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் இருக்கிறது. "பிழைக்குமா அண்ணா? ஃபைல் எல்லாம் போய்விட்டதா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, மீதியைப் படிப்பதற்கு முன்னால் அதை அரிசியிலிருந்து வெளியே எடுங்கள். சார்ஜரைச் சொருகாதீர்கள். "இப்போது காய்ந்திருக்குமே, ஒரு தடவை பார்க்கலாம்" என்று பட்டனை அழுத்தாதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். வாரண்டி இருக்கிறதா என்று அக்காவிடம் கேளுங்கள். தண்ணீர் பட்ட சேதத்தைச் சாதாரண வாரண்டி ஏற்காது. ஆனால் சிலர் வாங்கும்போதே தனியாகப் பணம் கட்டி விபத்துச் சேதத்துக்கான பாதுகாப்பும் எடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் மறுபடி திறக்காமல் நேராகக் கம்பெனியின் சர்வீஸ் மையத்துக்குப் போங்கள். இல்லையென்றால், ஏற்கெனவே ஒரு தடவை திறந்தவர்தானே, மறுபடி அடிமூடியைக் கழற்றி பேட்டரியின் கனெக்டரை மட்டும் போர்டிலிருந்து (சிப்புகள் எல்லாம் பதிந்திருக்கும் முதன்மை அட்டை, மதர்போர்டு) விடுவியுங்கள். வேறெதையும் தொடவேண்டாம். பேட்டரி உப்பியிருப்பதுபோல் தெரிந்தால் அதையும் தொடாமல் அப்படியே கடைக்குக் கொண்டு போங்கள்.

ஃபைல்கள் பற்றி உங்கள் மனதில் இருக்கும் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அவை பத்திரமாக இருக்கும். போர்டு டெட் ஆனால், ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியும் போய்விட்டது என்று பொருள் இல்லை. இப்போதைய பல மாடல்களில் அது சூயிங்கம் பட்டை அளவில் தனித் துண்டாக ஒரே ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றி ஒரு சின்ன யுஎஸ்பி பெட்டியில் போட்டால் வேறு கணினியில் திறக்கலாம். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் மட்டும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதில் போர்டை உயிர்ப்பித்தால்தான் ஃபைலை எடுக்க முடியும். இன்னொன்று, விண்டோஸ் 11 உள்ள நிறைய லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். வேறு கணினியில் மாட்டியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பொதுவாக அது அக்காவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் நினைவில் இருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். போர்டு மாற்றினாலும் இதே எண் தேவைப்படலாம். வண்டியை ரிப்பேருக்கு விட்ட பிறகு சாவியைத் தேடும் நிலை வரக்கூடாது.

இனி என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். பதினேழு வருடமாக இந்த லேப்டாப் ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் சுத்தம் செய்து கெட்டுப்போய் வரும் லேப்டாப்புகளைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "ஆஃப் பண்ணிட்டுத்தான் அண்ணா துடைச்சேன்." நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான், சந்தேகப்படவில்லை. ஆனால் லேப்டாப்பில் ஆஃப் என்பது வீட்டு சுவிட்சில் ஆஃப் செய்வது போல அல்ல. சுவிட்சை அணைத்தால் பல்புக்குப் போகும் லைன் துண்டிக்கப்படுகிறது. லேப்டாப்பில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. நீங்கள் பட்டனை அழுத்துவதைக் கண்டுபிடிக்க ஒரு சிப் விழித்துக்கொண்டே இருக்க வேண்டும், சார்ஜரைச் சொருகியதும் கவனிக்க இன்னொன்று விழித்திருக்க வேண்டும். அதற்காக 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்கள் ஷட் டவுன் ஆன பிறகும் போர்டில் உயிரோடு இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் பிரதான லைனில் மாடலைப் பொறுத்து 7 வோல்ட்டிலிருந்து 17 வோல்ட் வரை எப்போதும் நிற்கும். நீங்கள் ஈரத்துணியால் ஒற்றியது அந்த உயிருள்ள போர்டைத்தான்.

ஈரம் மட்டும் தனியாகப் போர்டைக் கொல்வதில்லை. ரிப்பேருக்கு வந்த போர்டுகளை நாங்களே திரவத்தில் முக்கிக் கழுவுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஈரமும் மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் சேர்வதுதான் ஆபத்து. இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு சொட்டு நின்றால், ஒரு பக்கத்துத் தாமிரம் கரைந்து மறுபக்கம் நகர ஆரம்பிக்கும். பைக் பேட்டரியின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போர்டிலும் அப்படிப் பூக்கும், மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும். பேட்டரி மாட்டியிருக்கும்வரை இந்த வேலை நிற்காது, லேப்டாப் "ஆஃப்" ஆக இருந்தாலும். அரிசி டிரம்முக்குள் இருந்த இரண்டு நாளும் அது நடந்துகொண்டிருந்திருக்கலாம். அதனால்தான் பேட்டரி கனெக்டரை எடுக்கும்படி முதல் வேலையாகச் சொன்னேன்.

கம்ப்ரஸர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. தறிக்கூடம், பஞ்சர் கடை, லேத் பட்டறை என்று தெருவுக்குத் தெரு கம்ப்ரஸர் இருக்கும் ஊர் இது. தூசி பறப்பதைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாகவும் இருக்கும். ஆனால் அந்தக் காற்று வெறும் காற்று அல்ல. காற்றை அழுத்தும்போது அதில் இருக்கும் ஈரம் டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். டேங்கின் அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதைத் திறந்து பாருங்கள், துரு நிறத்தில் தண்ணீர் கொட்டும். புரட்டாசி, ஐப்பசியில் நம் ஊரில் மழை அதிகம், காற்றிலும் ஈரம் அதிகம், எனவே டேங்கிலும் தண்ணீர் அதிகம். பிஸ்டன் கம்ப்ரஸர் என்றால் அதோடு கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வரும். ஆக, நீங்கள் ஈரத்துணியை எடுப்பதற்கு முன்பே அந்தக் குழாய் போர்டின்மேல் மெல்லிய தண்ணீர்த் தூவலை அடித்திருக்கலாம். டயருக்குக் காற்று பிடிக்கும்போது அந்த ஈரம் ஒரு பொருட்டே இல்லை. இங்கே பொருட்டாகிவிட்டது.

அடுத்தது ஃபேன். லேப்டாப் ஃபேன் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று சுற்றுவதற்காகச் செய்தது. கம்ப்ரஸர் காற்று நேரே பட்டால் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் சுற்றும். விசில் அடிப்பது போல ஒரு சத்தம் வந்திருக்குமே, அது அதுதான். அந்த வேகத்தில் உள்ளே இருக்கும் சின்ன பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டுவிடும். நீங்கள் சொல்லும் கரகர சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அல்லது பெயர்ந்த பஞ்சு இறக்கையில் சிக்கியிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. மோட்டாரை வெளியிலிருந்து சுற்றினால் அது ஜெனரேட்டர் போல மின்சாரம் உண்டாக்கும். சைக்கிள் டைனமோவின் கதைதான். அந்த மின்சாரம் ஃபேனின் ஒயர் வழியாகப் போர்டுக்குள் திரும்பிப் போகும். எல்லா நேரத்திலும் சேதமாகும் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஃபேனை அசையாமல் பிடித்துக்கொள்ளாமல் ஊதவே கூடாது.

தறி வீட்டு லேப்டாப்புக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. உங்கள் வீட்டில் பறப்பது சாதாரணத் தெருத்தூசி அல்ல. பாவுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டுத்தானே தறியில் ஏற்றுகிறோம்? நெய்யும்போது அந்தக் கஞ்சி பொடிப்பொடியாக உதிர்ந்து பஞ்சோடு சேர்ந்து பறக்கும். ஃபேன் அதை உள்ளே இழுக்கும். ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் நடுவில் அது படிந்து படிந்து, கடைசியில் கம்பளித் துண்டு போல ஒரு பாய் உருவாகிவிடும். ஜாரி கொண்டலாம்பட்டியிலிருந்தும் இளம்பிள்ளையிலிருந்தும் வரும் லேப்டாப்புகளில் அந்தப் பாயை அப்படியே உரித்து எடுத்திருக்கிறேன். கஞ்சி கலந்த பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தோடு காற்றும் அடித்தால் தகடுகளின் இடுக்கில் மாவு போல அப்பிக்கொள்ளும். சிப்புகளின் கால்களுக்கு நடுவிலும் போய் ஒட்டும். நீங்கள் சுத்தம் செய்ய நினைத்ததில் தப்பே இல்லை, தம்பி. தறி ஓடும் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்யாவிட்டால் சூட்டிலேயே லேப்டாப் போய்விடும். வேலை சரியானது, செய்த முறைதான் மாறிவிட்டது.

சரி, ஈரத்துணிக்கு வருவோம். என்ன தண்ணீர் என்று நீங்கள் எழுதவில்லை. போர் தண்ணீரா, காவிரித் தண்ணீரா? இது சின்னக் கேள்வி அல்ல. போர் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிகிறதே, அந்த உப்புதான் இங்கே எதிரி. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. காய்ந்த உப்பு மழைநாளில் காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அதனால்தான் "நன்றாகக் காய வைத்தேன், அன்று வேலை செய்தது, பத்து நாள் கழித்துப் போய்விட்டது" என்று ஆட்கள் வருகிறார்கள். காய வைப்பது வேறு, கழுவுவது வேறு. போர்டில் தண்ணீர் பட்டால் அதைக் கழுவித்தான் ஆகவேண்டும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால். எங்கள் தொழிலில் ஐபிஏ என்போம். 99 சதவீதச் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் கை சானிடைசர் ஆகாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், பிசுக்கு தங்கிவிடும்.

அரிசி இந்த வேலைக்கு உதவாது. திறந்த காற்றில், ஃபேனுக்கு அடியில் வைத்தால் காயும் அளவுக்குக்கூட அரிசிக்குள் காயாது. அரிசியின் மாவுப்பொடி போர்ட்டுகளுக்குள் போகும், குருணை ஒன்று சார்ஜர் துளையில் சிக்கினால் அது தனி வேலை. ஹேர் டிரையரும் வேண்டாம். சூடு கீபோர்டு பட்டன்களை வளைத்துவிடும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். மொட்டைமாடி வெயிலும் வேண்டாம், பேட்டரிக்கு ஆகாது.

"மூன்று நாள் காய வைத்தால் போதும்" என்ற கணக்கையும் நம்பாதீர்கள். அது ஊருக்கு ஊர் மாறும். ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் ஒருமுறை லேப்டாப் கொண்டுவந்தார். கீபோர்டை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார், தண்ணீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பொறுப்பாக மூன்று முழு நாள் காத்திருந்துதான் போட்டிருக்கிறார். போட்டதும் எழுத்துகள் தானாகவே ஓட ஆரம்பித்து, அப்புறம் மொத்தமாக அணைந்துவிட்டது. சேலத்தில் சித்திரை மாதத்தில் மூன்று நாள் என்றால் எலும்பு வரை காய்ந்திருக்கும். அவர் துடைத்தது ஐப்பசியில், கடல்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் மேலே, மத்தியானமே ஜன்னலுக்குள் மேகம் நுழையும் இடத்தில். அங்கே துவைத்த பேண்ட்டே ஒரு வாரம் ஈரமாக இருக்கும். லேப்டாப் கீபோர்டுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். அந்த இடுக்கில் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியே இல்லை. அவருக்குக் கீபோர்டும், அதற்குக் கீழே போர்டில் ஒரு சிப்பும் மாற்ற வேண்டியிருந்தது. மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். குளிரில் இருந்த லேப்டாப்பை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கொண்டுவந்து, சேலத்தின் புழுக்கத்தில் உடனே திறந்து போடாதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பில் வியர்ப்பது போல உள்ளேயும் வியர்க்கும். பைக்குள்ளேயே அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் இருக்கட்டும்.

திரைமேல் நேராக ஸ்ப்ரே அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். திரை கறுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடித்த திரவம் வழிந்து கீழ் விளிம்பில் இறங்கும். பேனலை ஓட்டும் மெல்லிய சர்க்யூட் பெரும்பாலும் அந்தக் கீழ் விளிம்புக்குள்தான் இருக்கிறது. இரண்டு சொட்டு போதும், கோடு விழும், அல்லது படமே வராது. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியாவும் இருக்கும், திரையின் ஒளி எதிரொளிக்காத பூச்சை அது திட்டுத்திட்டாக உரித்துவிடும். ஜன்னல் கண்ணாடியும் லேப்டாப் திரையும் ஒன்றல்ல. திரைக்கு மென்மையான மைக்ரோஃபைபர் துணி போதும். கறை போகவில்லையென்றால் அந்தத் துணியின் ஒரு மூலையில் ஒன்றிரண்டு சொட்டு சுத்திகரித்த தண்ணீர் விட்டுத் துடைக்கலாம். திரவம் துணியில்தான் விழவேண்டும், திரையில் ஒருபோதும் அல்ல. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் எல்லாம் பிளாஸ்டிக்கையே கரைக்கும். ஸ்டிக்கர் பசையை எடுக்கப் போய் மூடியையே வெளுக்க வைத்தவர்கள் உண்டு.

பேனல்தான் போயிருக்கிறதா, போர்டா என்பதை முதல் இரண்டு தடவையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். ஹெச்டிஎம்ஐ ஒயரில் டிவியில் மாட்டினால் போதும், டிவியில் படம் வந்தால் போர்டு நலம். இருட்டறையில் திரைமேல் டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிந்திருந்தால், பின்விளக்குக்குப் போகும் லைன் மட்டும் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் இப்போது செய்து பார்க்கச் சொல்லவில்லை. இந்தச் சோதனைகளுக்கான நேரம் போய்விட்டது. கடையில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அந்த மிச்சமான ஸ்க்ரூதான். அடிமூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் என்று நினைத்துக் கலந்து மாட்டுவது இந்த வேலையில் அடிக்கடி நேரும் தவறு. பல மாடல்களில் பின்பக்கம் நீளமானவை, முன்பக்கம் குட்டையானவை என்று இருக்கும். குட்டை இடத்தில் நீளமானதை முறுக்கினால் அது மேலே போய் டச்பேட் பக்கத்தைக் குத்தும், அல்லது போர்டின் உள் அடுக்குகளைத் துளைக்கும். போர்டு ஒற்றை அட்டை போலத் தெரிந்தாலும் உள்ளே பல தாமிர அடுக்குகள் உண்டு. இரண்டு அடுக்குகளை அந்த ஸ்க்ரூ ஒன்றாக இணைத்துவிட்டால் ஷார்ட். ஒன்று மிச்சமாகியிருக்கிறது என்றால், மற்றவற்றில் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்க வாய்ப்பு இருக்கிறது. பேட்டரியை விடுவிக்கத் திறக்கும்போது எந்த ஸ்க்ரூ எந்தத் துளையிலிருந்து வந்தது என்று முதலில் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கமாக இருந்த ஸ்க்ரூ எது என்று நினைவில் வையுங்கள். கடைக்காரருக்கு அது பெரிய உதவி.

ஹீட் சிங்கைக் கழற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அந்த ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள், அந்த வரிசையில்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் முதலில் முறுக்கினால் கீழே இருக்கும் பிராசஸர் சில்லு விரிசல் விடலாம். பட்டை கேபிள் எதையும் இழுத்தீர்களா என்று சொல்லவில்லை. கீபோர்டு, டச்பேட் கேபிள்களின் கனெக்டரில் நகம் அளவுகூட இல்லாத ஒரு மெல்லிய லாக் இருக்கும். சிலவற்றில் அதை மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் வெளியே நகர்த்த வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாவது மாதம், தூக்க வேண்டியதை நகர்த்தப் பார்த்து ஒரு வாடிக்கையாளரின் போர்டில் அந்த லாக்கை உடைத்துவிட்டேன். புதுக் கனெக்டர் வரவழைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் பற்றவைக்க ஒரு வாரம் ஆயிற்று. காசு வாங்கவில்லை, நடந்ததை அவரிடம் அப்படியே சொன்னேன். இன்றுவரை என்னிடம்தான் வருகிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்களும் கடைக்காரரிடம் எதையும் மறைக்காதீர்கள். "தானாகவே நின்றுவிட்டது" என்று சொன்னால் அவர் தவறான இடத்தில் தேட ஆரம்பிப்பார், தேடும் நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டிவரும். கம்ப்ரஸர், துணி, எந்தத் தண்ணீர், எத்தனை தடவை போட்டுப் பார்த்தீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

கடையில் என்ன செய்வார்கள்? போர்டை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஐபிஏ விட்டு ப்ரஷ்ஷால் கழுவுவார்கள், அல்லது அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவார்கள். காய்ந்த பிறகு மல்டிமீட்டரில் எந்த லைன் ஷார்ட் என்று தேடுவார்கள். மூன்றாவது தடவை எதுவுமே வராமல் போனது, ஏதோ ஒரு முக்கிய லைன் ஷார்ட்டாகி, சேதம் பெருகாமலிருக்கப் பாதுகாப்புச் சுற்று தடுத்துவிட்டதால் இருக்கலாம். அது பல நேரங்களில் எள்ளின் பாதி அளவுள்ள ஒரு கெப்பாசிட்டராக இருக்கும். பொருளுக்குச் சில ரூபாய்தான், கண்டுபிடித்து மாற்றும் கைக்குத்தான் கூலி. அதனால் "சிப் லெவல்" வேலை, அதாவது போர்டில் கெட்டுப்போன சின்ன உதிரியை மட்டும் மாற்றும் வேலை, செய்கிற கடையாகப் பாருங்கள். போர்டைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே "போர்டு போச்சு, புதுசு மாத்தணும்" என்று சொன்னால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் கேளுங்கள். புது போர்டு விலை பழைய லேப்டாப்பின் மதிப்பில் பாதிக்கு மேல் போய்விடும். ஃபேன் மட்டும் என்றால் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். செலவு எவ்வளவு என்று முதலில் கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகே வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்யக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இது முக்கியம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு எப்படிச் செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் நாளே சார்ஜ் முப்பது நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஷட் டவுன் செய்து, சார்ஜரை எடுத்து, பீரோ மாதிரி ஏதாவது இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். வேட்டிமேலோ பாய்மேலோ வைக்காமல் மேஜைமேல் வையுங்கள். அடிமூடியை நெம்ப இரும்புத் திருப்புளி வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் பேட்டரி கனெக்டர், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அதை எடுத்த பிறகும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சம் இருக்கும் கரண்ட் இறங்கிவிடும். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பெயின்ட் ப்ரஷ்ஷால் பஞ்சைப் பெயர்த்து, இடுக்கியால் வெளியே எடுங்கள். பஞ்சை ஊதி உள்ளே தள்ளக்கூடாது, பிடித்து வெளியே இழுக்க வேண்டும். காற்று வேண்டுமென்றால் கேமரா லென்ஸுக்கு விற்கும் ரப்பர் பல்பு போதும். வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், அதில் நிலைமின்சாரம் ஏறும். பிசுக்கு இருந்தால் மட்டும் ஐபிஏ, அதுவும் பூஜையறை விளக்குக்கும் சூடத்துக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும். மூடிய பிறகு முதல் தடவை போடும்போது, ரேமைக் கழற்றி மாட்டியிருந்தால், திரை ஓரிரு நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புது வகை ரேம்கள் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும். பதறி அணைக்காதீர்கள்.

சந்தனம் குங்குமம் வைப்பதைப் பற்றியும் கேட்டால் சொல்வேன்: லேப்டாப்பை மூடிய நிலையில், ஒரு சின்னக் காகிதத் துண்டில் பொட்டு வைத்து மேல்மூடியில் ஒட்டுங்கள். ஈரச் சந்தனம் காற்றுத் துளைக்குள்ளோ கீபோர்டுக்குள்ளோ போகாது, பூஜையும் குறையாது.

அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தறியில் ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் துணி என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும், தாமதம் செய்யும் சேதத்தை நீங்கள் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அக்காவிடமும் சொல்லி, ப்ராஜெக்ட்டின் பிரதி எதையாவது மின்னஞ்சலில் வழிகாட்டிக்கு அனுப்பியிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாளைக் காலை கடை திறந்ததும் போங்கள். பேட்டரியை விடுவித்த பிறகு எந்தப் பக்கம் ஈரம் பட்டதோ அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள், பைக்கில் போனால் மடியில் வையுங்கள். சார்ஜரையும் கூடவே எடுத்துப் போங்கள், பல நேரம் அதையும் சோதிக்க வேண்டிவரும். அந்த மிச்சமான ஸ்க்ரூவை ஒரு காகிதத்தில் மடித்து சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.